வாரிஸ் என்று கையெழுத்துப் போட்டவன்

ஆஸ்பத்திரியில் ஒரு கையெழுத்துப் போட்டதால் அண்ணன் பட்ட கடன் முழுவதும் என் தலையில் வந்து விடிந்துவிட்டது என்று நான் நம்பினேன். வேறு யாராவது நம்பியிருந்தால் ஒரு வருஷத்துக்கு அவனை வைத்துச் சிரித்திருப்பேன்.

அண்ணன் கல்யாணம் செய்துகொள்ளாதவர். எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில், நாங்கள் இருந்த அதே லயத்தில், எனக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது உயிர் இல்லை. கவுண்டரில் இருந்த மலாய்க்காரப் பெண், "சியாப்பா வாரிஸ்?" என்று கேட்டாள். யார் வாரிசு என்கிறாள். பள்ளிக்கூடத்தில் ஒரு கேள்விக்கும் தூக்காத கையை அன்றைக்குத் தூக்கினேன். அவள் நீட்டிய ஃபாரத்தில் 'வாரிஸ்' என்று அச்சடித்திருந்த இடத்துக்கு நேராகக் கையெழுத்துப் போட்டேன். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், அந்தத் துக்கத்திலும் மனசு ஒரு நொடி அண்ணன் வீட்டுக்குள் போய் அவருடைய மசாஜ் நாற்காலியைப் பார்த்துவிட்டு வந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான்காம் நாள், அந்த நாற்காலியில் சாய்ந்து முதுகைக் குலுக்க விட்டுக்கொண்டுதான் வங்கிக் கடிதத்தைப் பிரித்தேன். 'இறந்தவரின் வாரிசுக்கு' என்று மலாயில் ஆரம்பித்தது. கிரெடிட் கார்டு பாக்கி பதினாலாயிரத்து அறுநூறு ரிங்கிட். கீழே வாங்கிய சாமான்களின் பட்டியல். முதலில் இருந்தது மசாஜ் நாற்காலி. நான் எழுந்து நின்றுகொண்டேன். நாற்காலி தன்பாட்டுக்குக் குலுங்கிக்கொண்டிருந்தது.

அண்ணனுக்குக் கார்டு இருந்ததே எங்களுக்குத் தெரியாது. கடைத்தெருவில் தேநீருக்குக்கூடச் சில்லறை எண்ணிக் கொடுப்பவர் அவர்.

எங்களிடம் இருந்தது ஒன்பதாயிரம். அறுபது வயதில் வேலை நின்றால் லயத்து வீட்டைக் காலி செய்துவிட வேண்டும். எனக்கு இன்னும் ஆறு வருஷம். அதற்காக ரிங்லெட்டில் ஒரு சின்ன வீட்டுக்குப் பேசி வைத்திருந்தோம். மாதக் கடைசிக்குள் ஒன்பதாயிரத்தை முன்பணமாக வைக்க வேண்டும். என் மனைவி இருபது வருஷம் கொழுந்து பறித்துச் சேர்த்ததுதான் அதில் பெரும்பகுதி.

இரண்டு நாள் கழித்து வங்கியிலிருந்து போன் வந்தது. ஒரு மலாய்க்காரர், மரியாதையாகத்தான் பேசினார். நான் குரலை மாற்றிக்கொண்டு, கார்டுக்காரர் செத்துவிட்டார் என்றேன். தெரியும், வாரிசோடு பேச வேண்டும் என்றார்.

"வாரிஸ் புன் சுடா மாத்தி" என்றேன். வாரிசும் செத்துவிட்டார்.

வங்கிக்காரர் அதற்கும் அனுதாபம் சொல்லிவிட்டு வைத்தார். திரும்பினால், அடுப்படி வாசலில் மனைவி.

"அப்ப நாளைக்கு நான் வெள்ளச் சேலை கட்டிக்கணுமா, இல்ல இன்னும் ரெண்டு நாள் பொறுக்கணுமா?"

"சும்மா இருலா. நான் தப்பிக்கிறதுக்கு வழி பாக்குறேன்."

"செத்துப்போனா வழிதான், யாரு இல்லேன்னு சொன்னா."

அன்றிலிருந்து தபால்காரர் மோட்டார் சத்தம் கேட்டாலே ஒரு காரணமும் இல்லாமல் கக்கூசுக்குள் போய்விடுவேன். தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி, தூரத்திலிருந்து பார்த்து, சும்மா கையை அசைத்ததற்கு, சம்பளத்தைப் பிடிக்கச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது என்று முடிவு கட்டி, தேயிலை வாட்டும் அறையில் போய் ஒளிந்தேன். அவர் தேடி வந்து கேட்டது ஏணி.

கடைசியில் எனக்கே ஒரு யோசனை தோன்றியது. கொஞ்சம் கட்டிவிட்டால் வங்கிக்காரன் வீட்டுப் பணத்தின் மேல் கை வைக்கமாட்டான். மனைவியிடம் சொல்லாமல் மூவாயிரம் எடுத்துக்கொண்டு தானா ராத்தா போய், மெஷினில் அண்ணன் கார்டு எண்ணைத் தட்டி, பணத்தைப் போட்டேன். ஒரு நோட்டை இரண்டு தடவை வெளியே தள்ளியது. நான் நீவிவிட்டு மறுபடியும் கொடுத்தேன்.

ரசீதைச் சட்டைப் பையில் வைத்து மறந்துபோனேன். துவைக்கப் போட்டபோது மனைவி பார்த்துவிட்டாள். மறுநாள் லீவு சொல்லிவிட்டு என்னை வங்கிக்கு அழைத்துப் போனாள்.

மேசைக்குப் பின்னால் தமிழ்ப் பெண். எங்கள் கதையைக் கேட்டாள்.

"அங்கிள், நீங்க இந்தக் கார்டுக்கு ஜாமீன் போட்டீங்களா?"

"இல்ல."

"இதோட உங்க பேர்ல இன்னொரு கார்டு எடுத்தாங்களா?"

"இல்லம்மா."

"அப்புறம் ஏன் கட்டுனீங்க?"

"வாரிஸ்னு கையெழுத்துப் போட்டுட்டேனே."

"எங்க?"

"ஆஸ்பத்திரில."

அவள் என்னைப் பார்த்தாள், மனைவியைப் பார்த்தாள். "அது பொணத்த வாங்குறதுக்கு அங்கிள்," என்றாள். நெருங்கிய சொந்தம் யார் என்றுதான் அங்கே கேட்பார்களாம். எங்களுக்கு வந்த வங்கிக் கடிதமும் அப்படித்தானாம், இறந்தவர் விட்டுப்போன சொத்து என்ன என்று விசாரிப்பதற்கு. அவர் விட்டுப்போனதிலிருந்துதான் வங்கி எடுக்கும். ஒன்றும் இல்லாவிட்டால் தம்பியின் பையில் கை விடாது. மரணச் சான்றிதழ் நகலை முதல் நாளே கொடுத்திருந்தால் போன்கூட வந்திருக்காது.

"எங்க கம்ப்யூட்டர்ல, வாரிசும் இறந்துட்டார்னு ஒரு குறிப்பு இருக்கு," என்றாள். "அது யாரு?"

மனைவி என்னைக் காட்டினாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அந்த மூவாயிரம்?" என்றேன்.

"அது கடன்ல கழிஞ்சிருச்சு அங்கிள். திருப்பிக் கேட்டு எழுதிக் குடுங்க. கிடைக்கும்னு நான் சொல்லமாட்டேன்."

எழுதிக் கொடுத்தோம். தாமாக முன்வந்து கட்டியதைத் திருப்ப இயலாது என்று பதில் வந்தது. அண்ணன் சேமிப்பில் இருந்த எண்ணூற்றுச் சொச்சத்தை எடுத்துக்கொண்டு வங்கி கணக்கை மூடியது. மாதக் கடைசியில் எங்களிடம் ஆறாயிரம்தான் இருந்தது. ரிங்லெட் வீட்டைக் கம்போங் ராஜாவிலிருந்து வந்த ஒரு காய்கறி வியாபாரி வாங்கிக்கொண்டார்.