கணப்புக்குள் போட்ட குலவை

ராமுத்தாய் குமுளியில் நின்று குலவை போட்டால் கம்பத்தில் கட்டிக்கிடக்கும் மாடுகள் காதைத் தூக்கும். சரி, கம்பம் கொஞ்சம் தூரம்தான். அவ்வளவு மலை இறங்கினால் சத்தத்துக்கே முழங்கால் வலிக்கும். மலைப்பாதையில் ஏறிவரும் வண்டிமாடுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் ஒரு முழம்கூடக் குறைக்க முடியாது. கல்யாணமோ சடங்கோ, குலவைக்கென்று அவளை வந்து கூட்டிப்போவார்கள். அப்படிப்பட்ட தொண்டைக்காரி, முப்பத்திரண்டாம் வருஷத்து ஆனி மாதக் கடைசி வெள்ளியன்று, தும்மல் வந்தால்கூட முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். காரணம் ஒரு வீடு.

குமுளியிலிருந்து பீர்மேடு போகிற வழியில், தேயிலைச் சரிவுக்கு மேலே ஏழு கல்வீடுகள் இருந்தன. வேலை ஓய்ந்த வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் ஊரை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து வைத்ததுபோலக் கட்டிய குடியிருப்பு. ரோசாச் செடி வேலி, செங்குத்தான கூரை, அதன் மேல் புகைபோக்கி, நடுவில் ஒரு குட்டிச் சர்ச்சு. சுற்றுவட்டாரத்தில் அதைச் ‘சீமைக்குடி’ என்பார்கள். அங்கே பெருமை அழகுக்கு அல்ல, அமைதிக்கு. இலை விழுந்தால் திரும்பிப் பார்ப்பார்கள்.

ராமுத்தாயின் புருஷன் சுருளிவேல் ஏலக்காய் வியாபாரி. குடியிருப்பு, கடைக்குப் பின்னால், காய் உலர்த்தும் சூட்டறையை ஒட்டிய ஒரே அறை. பருவம் வந்தால் இரவும் பகலும் விறகுப் புகை. மகள் சோலைக்கு ஏழு வயது, இழுப்பு நோய். மழையும் புகையும் சேர்ந்துகொண்டால் பிள்ளை படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சைத் தேடும். ராமுத்தாயும் எதிரே உட்கார்ந்து அந்த மூச்சை எண்ணிக்கொண்டிருப்பாள். வைத்தியர் ஒரே பேச்சில் முடித்துவிட்டார்: “புகை இல்லாத, ஈரம் ஏறாத வீடாப் பாருங்க. மருந்து அப்புறம்.”

அப்போதுதான் சீமைக்குடியில் ஒரு விதவைத் துரைசாணி, வீட்டை விற்றுவிட்டு மகனோடு இருக்கக் கப்பலேறப் போகிறாள் என்று தெரிந்தது. பலகைத் தரை, கண்ணாடிச் சன்னல். பார்க்கப் போன அன்று சோலை அந்தப் பலகையில் குப்புறப் படுத்துச் சிரித்ததைக் கண்ட பிறகு, ராமுத்தாய்க்கு வேறு வீடு கண்ணில் படவில்லை.

விலை பேசியாயிற்று. ஆனால் சீமைக்குடியில் ஒரு வழக்கம் உண்டு. வீடு கைமாற வேண்டுமானால் மற்ற ஆறு வீட்டாரும் தலையாட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சு முடிந்ததும் கூடிப் பேசுவார்கள். துரைசாணி தன் தோட்டத்துத் தமிழில் எச்சரித்திருந்தாள்: “சேவல் கூவல் இல்லை. நாய் குரை இல்லை. சத்தம் இருக்கு, வீடு இல்லை.”

அத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அந்த ஞாயிறுதான் ஆடி பிறக்கிறது. ஆடியில் எவன் புது வீட்டில் பால் காய்ச்சுவான்? ஆவணி வரை துரைசாணியின் கப்பல் காத்திருக்காது. ஆகவே பத்திரத்துக்கு முன்பே, ஆனி வெள்ளியில் பால் மட்டும் பொங்கவைத்துவிட்டால் குடிபோன கணக்கு என்று மாமியார் மாரித்தாய் வழி சொன்னாள். துரைசாணியும் மனமிரங்கிச் சம்மதித்தாள்.

அன்று காலை ஒரே மழைமூட்டம். மாரித்தாய் வாசல்படி ஏறும்போதே ஆரம்பித்தாள்.

“சமையக்கட்டு எங்கடி?”

“பின்னால தனியா இருக்கு, அத்தை.”

“வீட்டுக்கு வெளிய பால் பொங்குனா யாருக்குடி லாபம்? இந்தா, கூடத்துக்குள்ளயே அடுப்பு இருக்கே.”

அது குளிர்காயும் கணப்பு. ஆள் குனிந்து நுழையலாம் போல அகலம். மூன்று கல்லைக் கூட்டி, கிழக்குப் பார்த்துப் பானையை ஏற்றினார்கள். சுருளிவேல் நிலைப்படிக்குச் சந்தனம் வைத்தான். சோலை பலகைத் தரையில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துரைசாணி மூலையில் நாற்காலி போட்டு வேடிக்கை பார்த்தாள்.

பால் சூடேற ஏற ராமுத்தாய் சன்னல் வழியே அடுத்த வீட்டை எட்டி எட்டிப் பார்த்தாள்.

“அத்தை, குலவை வேண்டாம். சாமி கும்பிட்டு எறக்கிருவோம்.”

“குலவை இல்லாமப் பால் பொங்குறதுக்கு இது என்ன எழவு வீடா? சீக்குப் பிள்ளைய வச்சிருக்க. நெனச்சுப் பேசு.”

“சத்தம் கேட்டா வீடே போச்சு அத்தை. நீங்களே லேசாப் போட்டு விடுங்களேன்.”

“பல்லு இருந்தா உன்னை எதுக்குடி கெஞ்சப் போறேன்? எனக்குக் காத்துதான் வருது.”

“ஏங்க, நீங்களாவது சொல்லுங்க.”

சுருளிவேல் நிலைப்படியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “ரெண்டு பேரும் சேந்து ஒரு முடிவைச் சொன்னா அதுக்கு நான் தலையாட்டுறேன்.”

எந்தப் பக்கம் திரும்பினாலும் பிள்ளைதான் நின்றது. குலவை போட்டால் அதன் வீடு போகும். போடாவிட்டால் வீடு இருந்தும் அதற்கு ஆகாமல் போகும். பாலில் ஆடை மடிந்து எழும்பத் தொடங்கியது.

மாரித்தாய்தான் கணப்பை உற்றுப் பார்த்து யோசனை சொன்னாள். “எல்லாச் சன்னலையும் சாத்து. இந்தப் பொந்துக்குள்ள தலைய விட்டுப் போடு. சத்தம் கல்லுக்குள்ளயே செத்துப்போகும்.”

ராமுத்தாய்க்கு அது சரியென்றே பட்டது. புகைபோக்கி என்பது அவள் பிறந்த வீட்டிலும் இல்லை, புகுந்த வீட்டிலும் இல்லை. சன்னல்களைச் சாத்தினார்கள். பால் விளிம்பைத் தொட்டது. அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு, கணப்புக்குள் குனிந்து, மேலே இருந்த இருட்டைப் பார்த்து நாக்கைச் சுழற்றினாள்.

கூரைக்கு மேல் எழுந்தது ஒரு ஓலம். யாரோ ராட்சசக் கொம்பு எடுத்து ஊதியதுபோல அது சர்ச்சு மணியில் மோதி, சரிவில் இறங்கி, எதிர்மலையில் பட்டுத் திரும்பி வந்தது. தான் போட்ட குலவை தனக்கே திரும்பி வந்ததைக் கேட்டு ராமுத்தாய் கல்லில் தலை இடிக்க வெளியே வந்தாள். பால் கிழக்கே பொங்கி வழிந்தது. யாருக்கும் பார்க்கத் தெம்பில்லை.

வாசல்கதவு படாரென்று திறந்தது. அடுத்த வீட்டு நெட்டைத் துரை, ஆறு வீட்டாருக்கும் தலைவர், ஒரு காலில் மட்டும் பூட்சோடு, கையில் துப்பாக்கியோடு நின்றார். “எங்கே புலி? யாரை அடிச்சது?” போன மாதம் ஒரு சிறுத்தை அங்கே நாயைத் தூக்கிப் போயிருந்தது.

துரைசாணி இங்கிலீஷில் விளக்கினாள். துரை பானையைப் பார்த்தார், கரி பூசிய ராமுத்தாயின் முகத்தைப் பார்த்தார்.

“பால் தினம் பொங்கும். தினம் இந்தச் சத்தம்?”

“இல்லீங்க துரை. வீட்டுக்கு ஒருக்கத்தான்.”

“அப்புறம் இல்லை?”

ராமுத்தாய் வாயைத் திறக்குமுன் மாரித்தாய் முந்திக்கொண்டாள். “ஏன் இல்ல? பேத்தி சமைஞ்சா உண்டு. கல்யாணத்துக்கு உண்டு. கொள்ளுப்பேரன் பொறந்தா...”

ராமுத்தாய் கிள்ளிய கிள்ளில் கிழவிக்குக் கண்ணீர் வந்துவிட்டது. துரை விரலை மடக்கி எண்ணிக்கொண்டே போய்விட்டார். சுருளிவேல் மட்டும் மெதுவாகச் சொன்னான்: “மாட்டேன்னும் சொல்லல.”

சனிக்கிழமை முழுக்க ராமுத்தாய்க்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிறு காலை அவளும் சுருளிவேலும் சர்ச்சுக்கு வெளியே சாரலில் ஒரே தாழங்குடைக்குள் நின்றார்கள். உள்ளே பாட்டு முடிந்தது. தொப்பிகள் வாசலில் கூடின. ஒரு தொப்பி ஆடியது, ஒன்று ஆடவில்லை, ஒன்று திரும்பி இவர்களைப் பார்த்தது. விட்டுவந்த பிள்ளை இந்நேரம் சுவரில் சாய்ந்திருக்குமோ என்று ராமுத்தாய் தன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

நெட்டைத் துரை வேலியோரம் வந்தார். “வீடு உங்களுக்கு” என்றார். ராமுத்தாய் குடையைவிட்டு வெளியே வந்து மழையிலேயே கையெடுத்தாள். துரை தொப்பியைக் கழற்றி மார்போடு அணைத்து, இந்தக் குரலைக் கேட்ட காதுக்கு லண்டனில்கூட இனிச் சங்கீதம் இல்லை என்று சொல்லி...

“சங்கீதமாவது, சுரைக்காயாவது!” கதையை நான் இந்த இடத்துக்குக் கொண்டுவந்ததும் குறுக்கே விழுந்தது சோலை. அன்றைக்கு மூச்சுக்குத் தவித்த பிள்ளை. இன்றைக்குப் பேரன் பேத்தி எடுத்து, இளைக்காமல் ஒரு தெருவோடு சண்டை போடுகிறவள்.

“தேயிலை விலை விழுந்த வருசம் அது. தோட்டத்துல போட்ட காசு முழுகிப்போயி, ஆறு துரைமாரும் வீட்டை வித்துட்டு ஊர் போகத் துடிச்சுக்கிட்டு இருந்தாங்க. ஒரு வீடு போனாத்தானே மத்ததுக்கு ஆள் வரும்? தலைய ஆட்டிட்டு நெட்டைத் துரை எங்க அய்யாகிட்டக் கேட்டது ஒண்ணே ஒண்ணு: ‘உன் சொந்தத்துல வேற யாருக்காச்சும் வீடு வேணுமா?’ அன்னைக்கு ஒத்த பூட்சோட ஓடியாந்தாரே, எங்களைக் காப்பாத்தவா? வாராது வந்த கிராக்கியப் புலி அடிச்சிருச்சேங்கிற பதட்டம்!”