மழை மாதத்தில் மூடாத குளம்

அண்ணி முதன்முதலாக அந்த நீச்சல் குளத்தில் கால் வைத்தபோது அலறியது இன்னும் என் காதில் இருக்கிறது. "அலமாக்! தண்ணியா இது, ஐஸுலா!" டிசம்பர் மழை விடாமல் ஊற்றிக்கொண்டிருந்த வாரம் அது. சிங்கப்பூருக்கு இக்கரையில் கெலாங் பாத்தாவில் அண்ணன் குடியிருந்த கொண்டோ அடுக்குமாடியின் குளத்தில் அந்தக் குளிருக்குத் தவளைகூட இறங்காது. ஆனால் பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்ட அண்ணிக்கு வேறு வழியில்லை. முதல் சில மாதங்களை விட்டால் கால் திரும்புவது கஷ்டம், தினமும் மார்பளவுத் தண்ணீரில் நடக்க வையுங்கள் என்று சிகிச்சையாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்தக் குளத்தைப் பராமரித்தவன் நான்தான். ஆகவே அண்ணியின் காலும் என் பொறுப்பு என்று நானாகவே எடுத்துக்கொண்டேன்.

இப்போது தெப்ராவ் பக்கம் எத்தனையோ குளங்களைப் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் அந்த மழை மாதம் போல எதுவும் என்னைப் படுத்தியதில்லை. வெயில் இல்லை, இறங்க ஆளும் இல்லை, மருந்து குறைவாகப் போதும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். மழை சும்மா விடாது. குளோரினை நீர்த்துப்போக வைக்கும், தண்ணீரின் காரத்தன்மையையும் குறைத்துவிடும். சோதனைக் குழாயில் சொட்டு மருந்து விட்டால் இளஞ்சிவப்பாக வரவேண்டியது மஞ்சளாக இளிக்கும். முதலில் சோடா உப்பைப் போட்டுக் காரத்தன்மையைச் சரிக்கட்டி, அதன் பிறகு குளோரின் போடுவேன். பம்பு ஓடி எல்லாவற்றையும் கலந்துவிட்டால் மறுநாள் அடியில் உள்ள ஓடுகள் பளிச்சென்று தெரிய வேண்டும். தெரியவில்லை. இடி மழைக்கு மறுநாளெல்லாம் தண்ணீர் கலங்கிக் கிடந்தது, சுவரெல்லாம் வழுக்கியது.

இன்னொரு முறை இப்படி ஆனால் மழைக்காலம் முடியும்வரை குளத்தைப் பூட்டிவிடுவோம் என்றது நிர்வாகக் குழு. நானா தண்ணீரா, பார்த்துவிடலாம் என்று வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினேன். அண்ணியும் லேசுப்பட்டவர் இல்லை. மூன்றாம் மாடி வீட்டிலிருந்து லிஃப்டுக்கு வரவே அவருக்கு ஒருவர் கை கொடுக்க வேண்டும். அந்த நிலையிலும் உதடு நடுங்க என் தோளைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நடப்பார். "நீ தண்ணியப் பாரு தம்பி, கால நான் பாத்துக்கறேன்" என்பார்.

ஒரு நாள் மாலை இடி தொடங்கியதும், என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று நனைந்துகொண்டே அங்கே போனேன். பம்பு அறையில் சத்தமே இல்லை. சுவிட்ச் அணைந்திருந்தது. நேப்பாளக் காவலாளியைப் பிடித்துக் கேட்டேன். "மேடம் சூரோ துத்துப், போஸ்" என்றான். மேடம்தான் பம்பை அணைக்கச் சொன்னார்களாம். இடி இடித்தாலே வந்து சொல்லிவிடுவார்களாம். மறுநாள் காலையில்தான் இவன் திரும்பப் போடுவானாம். எந்த மேடம் என்று கேட்க வாயெடுத்தபோது, சுவரைப் பிடித்தபடி அண்ணி வந்து நின்றார்.

அண்ணி சாஆ என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். முதல் இடிக்கே மெயின் சுவிட்சை அடைத்துவிட்டு உட்காருவது அங்கே எல்லார் வீட்டுப் பழக்கம். நான் போட்ட மருந்தெல்லாம் இத்தனை நாளும் கலக்காமல் கிடந்ததற்குக் காரணம் இவரேதான். எனக்கு வந்ததே கோபம்!

"ஏன் தம்பி மொறைக்கிற? பம்பு எரிஞ்சிட்டா குளத்த மூடிருவாங்கலா. அதான் ஓடியாந்து அடைக்கச் சொன்னேன்."

"கட்டடத்துக்கே இடிதாங்கி இருக்கு அண்ணி. நீங்க பம்ப நிறுத்துனாத்தான் மூடுவாங்க!" என்று கத்தியவன் சட்டென்று நிறுத்தினேன். அண்ணன் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை.

"யாரு அண்ணி கூட்டிட்டு வந்தா? தனியா லிஃப்டுல ஏறுனீங்களா?"

"இடி இடிக்கறப்ப யாராச்சும் லிஃப்டுல ஏறுவாங்களா? நடுவுல நின்னுட்டா? எப்பவும் படியிலதான் வருவேன்."

கை கொடுக்க ஆளில்லாமல் மூன்று மாடிப் படி! சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பம்பைப் போட்டுவிட்டு, இனி யார் சொன்னாலும் அணைக்காதே என்று காவலாளியிடம் சொன்னேன்.

மறுநாள் அண்ணனுக்கு விடுமுறை. இரவெல்லாம் மழை பெய்திருந்தும் குளத்தின் அடி ஓடுகள் ஒவ்வொன்றும் தெரிந்தன. குளத்தில் இறக்க அண்ணன் வழக்கம்போல் அண்ணியிடம் கையை நீட்டினார்.

"விடுங்கண்ணே," என்றேன். "அவங்களே எறங்குவாங்க."