சகலையிடம் தராத சாவி

என் மனைவியின் தங்கையைக் கட்டியவர் டேங்கர் லாரி டிரைவர். மங்களூரில் கேஸ் ஏற்றிக்கொண்டு மலைப்பாதை இறங்கி வருகிறவர். நாமக்கல் பக்கத்தில் அந்த வேலையில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனால் மோகனூருக்குப் பக்கத்தில் இருந்த என் மாமனார் வீட்டில் அவர் ஒருவர்தான் உலகத்திலேயே வண்டி ஓட்டத் தெரிந்தவர்.

நான் மூத்த மாப்பிள்ளை. பட்டப்படிப்பு படித்தவன். கோழித் தீவனக் கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருந்தேன். பண்ணை பண்ணையாகப் போய் வருவேன், போகிற இடமெல்லாம் நாற்காலி போட்டு உட்காரவைப்பார்கள். சின்ன மாப்பிள்ளை வருகிறவரை மாமனார் வீட்டிலும் எனக்கு அந்த நாற்காலி இருந்தது. அவர் வந்த பிறகும் இருந்தது. ஆனால் நான் அதில் உட்கார்ந்திருக்கும்போது எல்லோரும் கிணற்று மேட்டில் நின்றிருப்பார்கள். அங்கே அவர் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருப்பார். என் மகளும் அங்கேதான் இருப்பாள், கையில் ஸ்பேனரோடு. "சித்தப்பா, பதினாலா, பதினாறா?" என்று அவள் கேட்கிற சத்தம் என் நாற்காலிவரை கேட்கும். அப்போது அவளுக்குப் பதினோரு வயது.

அவருக்குச் சமமாகக் காட்டிக்கொள்ளத்தான் நான் அந்தப் பழைய காரை வாங்கினேன். குடும்பத்துக்கு வசதி என்று மனைவியிடம் சொன்னேன். வாங்கிய மறுநாளே மோகனூருக்கு ஓட்டிக்கொண்டு போய் வாசலில் நிறுத்தினேன். மாமனார் காரைச் சுற்றி வந்தார். கதவைத் தட்டிப் பார்த்தார். பிறகு என்னைத் தாண்டி சகலையைப் பார்த்து, "எப்படீங்க மாப்ள, வண்டி பரவால்லீங்களா?" என்று கேட்டார்.

சகலை பானெட்டைத் திறந்து, என்னை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, காதைச் சாய்த்துக் கேட்டார். "நல்ல வண்டிதானுங்க மாமா. அண்ணன் பாத்துத்தான் எடுத்திருக்காரு" என்றார்.

அதன் பிறகுதான் மாமனார் முகத்தில் சிரிப்பு வந்தது. மாமியார் சூடம் கொண்டுவந்தார். சகலை என்னைப் பெருமையாகத்தான் சொன்னார். அது எனக்கு அன்றே தெரியும். அவர் குறை சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு எரிந்திருக்காது.

அடுத்த வருடம் சித்திரையில் மாமனார் வீட்டுக் குலதெய்வம் கோயிலில் கிடா வெட்டு. ஆற்றுக்குப் பக்கத்தில், வாழைத்தோப்புகளுக்கு நடுவில் இருக்கிற கோயில். நான் மனைவியையும் மகளையும் காரில் அழைத்துக்கொண்டு போனேன். சகலையும் கொழுந்தியாளும் பைக்கில் வந்திருந்தார்கள். கறி வேகிற நேரத்தில் ஆண்களில் சிலர் தோப்புக்குள் போய் உட்கார்ந்தோம். எப்போதும் நடக்கிறதுதான். எனக்குப் பெரிய குடிகாரன் என்ற பெயர் கிடையாது. விசேஷம் என்றால் இரண்டு டம்ளர், அதோடு எழுந்துவிடுவேன்.

மாமனாரின் பங்காளி ஒருவர் சகலையைக் கூப்பிட்டு ஒரு டம்ளரை நீட்டினார். "இல்லீங்க, நாளைக்கு லோடு ஏத்தோணும்" என்று சொல்லிவிட்டு அவர் கறிச் சட்டியைக் கிளறப் போய்விட்டார். நாளைக்கு லோடு இல்லாவிட்டாலும் அவர் குடிக்க மாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"பாருங்க, அத்தாம் பெரிய டேங்கர ஓட்டறாரு, ஒரு சொட்டு நாக்குல படாது" என்றார் பங்காளி. இன்னொருவர், "நாங்கூட ஒருக்கா மங்களூர் வரைக்கும் அவருகூடப் போனனுங்க. வளைவுல தண்ணி தளும்பாது, அப்படி ஓட்டறாரு" என்றார். பேச்சு அப்படியே போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு புகழ்ச்சிக்கும் நான் ஒரு வாய் குடித்தேன். இரண்டு டம்ளரில் எழுந்திருக்கவில்லை. எத்தனையில் எழுந்தேன் என்றும் எனக்குத் தெரியாது.

சாப்பாடு முடிந்து கிளம்பும்போது மணி மூன்றரை இருக்கும். வெயில் கண்ணைக் குத்தியது. கார் கதவைத் திறக்கச் சாவித் துவாரத்தை இரண்டு முறை தவறவிட்டேன். மாமியார் அதைப் பார்த்துவிட்டார்.

"ஏனுங் மாப்ள, சின்னவரு ஓட்டட்டுமுங்க. நீங்க பொறத்தால சாஞ்சு உக்காந்துக்குங்க."

"எனக்கு ஒண்ணுமில்லீங்க" என்றேன்.

சகலை பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத மாதிரி சொன்னார். "அண்ணா, சாவியக் குடுங்க. எம்பட பைக்கு இங்கயே இருக்கட்டும், நாளைக்கு எடுத்துக்கறேன். ஊட்ல உட்டுட்டு நாங்க பஸ்ஸுல போயிக்கறோம்."

கை நீட்டினார். உள்ளங்கையில் கறிச் சட்டியின் கரி ஒட்டியிருந்தது. என் வாழ்க்கையில் நான் மாற்றிக்கொள்ள விரும்புகிற நொடி அதுதான். சாவியை அந்தக் கையில் வைத்திருந்தால் போதும். ஆனால் கோயில் வாசலில் நின்ற அத்தனை பேரும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் காரையும் அவர் ஓட்டிக்கொண்டு போக, நான் பின்னால் பெண்களோடு உட்கார்ந்து போவதா? எனக்கு அப்போது அது மட்டும்தான் தோன்றியது.

"நீ லாரி ஓட்டறவன். காரு எனக்கு ஓட்டத் தெரியும்" என்றேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

அவர் கையை மடக்கிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து என் மகள், "அப்பா, நான் சித்தப்பாகூட பைக்குல வாரேனுங்க" என்றாள். அவளைக் கையைப் பிடித்து இழுத்து முன் சீட்டில் உட்காரவைத்தேன். அவளுக்கு பெல்ட் போடவில்லை. போட்டேனா என்று யோசிக்கவும் இல்லை. மனைவி பின்னால் ஏறினாள்.

நாமக்கல் சாலையில் ஐந்தாறு கிலோமீட்டர் போயிருப்போம். கண்ணாடியில் பார்த்தால் சகலையின் பைக் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. நான் வேகமாகப் போனால் அவரும் வேகமாக வந்தார். எனக்குக் காவல் வருகிறார் என்று கோபம் வந்தது. அவரைப் பின்னால் விட்டுவிட வேண்டுமென்று இன்னும் அழுத்தினேன். மனைவி, "ஏனுங்க, மெதுவாப் போங்க" என்றாள். நான் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாலையோரம் ஒரு பெண் தலையில் புல்லுக்கட்டோடு போய்க்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. புல்லைத்தான் பார்த்தேன், முன் கண்ணாடி முழுக்கப் பச்சையாக. கார் ஒரு புளியமரத்தில் மோதி நின்றது.

என் மகளின் நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்தது. அவள் அழவில்லை. இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டு, அந்தக் கை தன்னுடையது அல்ல என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.

பிறகு நடந்ததெல்லாம் சகலை செய்தது. பைக்கைப் போட்டுவிட்டு முதலில் அந்தப் பெண்ணிடம் ஓடினார். தன் வேட்டியைக் கிழித்து அவர் காலில் இறுக்கிக் கட்டினார். தண்ணீர் கொடுக்க வந்தவர்களைத் தடுத்தார். வேப்பங்கிளையை ஒடித்துச் சாலையில் போட்டு வருகிற வண்டிகளை ஒதுக்கினார். ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். கொழுந்தியாளிடம், "புள்ளையத் தூக்காத, கையி ஒடஞ்சிருக்குது, அப்படியே புடிச்சுக்க" என்றார். நான் புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதும், நம்பினால் நம்புங்கள், கூட்டத்தில் எல்லோரும் அவர் சொன்னதைச் செய்வது எனக்கு உறைத்தது.

போலீஸ் வருகிறது என்று யாரோ சொன்னார்கள். நான் அவர் தோளைப் பிடித்தேன்.

"நீ ஓட்டுனேன்னு சொல்லிரு. நீ குடிக்கல. உனக்கு ஒண்ணும் ஆகாது. எனக்கு வேலை போயிரும்."

அவர் என் கையைத் தோளிலிருந்து எடுத்தார். அவருக்கு அந்த லைசென்ஸ்தான் சோறு என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

"முடியாதுங்ணா" என்றார். "புள்ள பாத்துட்டிருக்குது."

திரும்பினேன். மகள் சித்தி மடியில் சாய்ந்து, ரத்தம் படிந்த முகத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போலீஸ் வந்து குழாயில் ஊதச் சொன்னார்கள். ஊதினேன். அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். அதே ஆஸ்பத்திரியில் அடுத்த நாள் அந்தப் பெண்ணின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அவர் கணவனை இழந்தவர். இரண்டு எருமைகளை வைத்துப் பிழைத்தவர். எருமைகளை ஒரு மாதத்துக்குள் விற்றுவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

கம்பெனி என்னை நிறுத்தியது. லைசென்ஸை எடுத்துக்கொண்டார்கள். வழக்கு இரண்டு வருடம் இழுத்தது. அந்த இரண்டு வருடமும் நான் சகலையோடு பேசவில்லை. நடந்ததற்கெல்லாம் அவர்தான் காரணம் என்று மனதுக்குள் ஒரு வழக்கு நடத்திக்கொண்டிருந்தேன். அவர் பின்னால் வராமல் இருந்திருந்தால் நான் வேகமாகப் போயிருக்க மாட்டேன். அவர் ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் என் வேலை இருந்திருக்கும். இப்படியெல்லாம். மகளின் கைக்கு மாவுக்கட்டு பிரிக்க அழைத்துப் போனது அவர்தான். கையை நீட்டி மடக்கும் பயிற்சிக்கு வாராவாரம் கொழுந்தியாள் வந்து கூட்டிப்போனாள். அவர்கள் வீட்டிலிருந்து வரும்போதெல்லாம் மகள் சிரித்துக்கொண்டு வருவாள். வாசற்படி ஏறியதும் சிரிப்பை நிறுத்திவிடுவாள்.

கடைசியில் என் வக்கீல் சொன்னார். "ரத்தம் எடுத்த நேரத்துல ஒரு கொழப்பம் இருக்குதுங்க. நடத்திப் பாக்கலாம். உங்க சகலைதான் முக்கியமான சாட்சி. அவரக் கூண்டுல ஏத்துவாங்க."

அன்று இரவு முழுக்க அந்தக் காட்சிதான் கண்ணில் நின்றது. சகலை கூண்டில் நிற்பார். நீதிபதி கேட்பார். அவர் உள்ளதை உள்ளபடி சொல்வார். என் மனைவி கேட்டுக்கொண்டிருப்பாள். அந்தப் பெண்ணின் வீட்டார் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அங்கேயும் அவரே நல்லவராக நிற்பார். அதை என்னால் தாங்க முடியவில்லை. காலையில் வக்கீலிடம் போய் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன் என்றேன்.

மனசாட்சி உறுத்தி ஒப்புக்கொண்டான் என்று உறவில் சிலர் இன்றும் சொல்கிறார்கள். இல்லை. பொறாமையில்தான் ஒப்புக்கொண்டேன். அதை இங்கே எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

மூன்று மாதம் சேலம் சிறையில் இருந்தேன். மனைவி மனு போட்டுப் பார்க்க வருவாள். ஒவ்வொரு முறையும் அவளைப் பஸ் ஏற்றி அழைத்து வந்தது சகலைதான். அவர் உள்ளே வரவில்லை. "உங்களுக்குப் புடிக்காதுன்னு வெளியவே நின்னுக்கிட்டாருங்க" என்றாள்.

வெளியே வந்த பிறகு அந்தப் பெண்ணைப் பார்க்கப் போனேன். போக எனக்கு நான்கு மாதம் தைரியம் வரவில்லை. ஒரு காலைநேரம் பஸ்ஸில் போய் இறங்கி விசாரித்துக்கொண்டு போனேன். அவர் வாசலில் கட்டிலில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னேன். கை கூப்பினேன்.

அவர் உரிப்பதை நிறுத்தவில்லை.

"காலு இருந்தா நானே எந்திரிச்சு உள்ள போயிருப்பனுங்க" என்றார். "இப்ப நீங்கதான் போகோணும்."

அவ்வளவுதான். திட்டவில்லை, அழவில்லை. அந்த 'ங்க'வைக்கூட விடவில்லை. நான் திரும்பி நடந்தேன். அப்போதுதான் வாசலிலிருந்து குளியலறைவரை சுவரோரமாக ஓடிய இரும்புக் கம்பியைக் கவனித்தேன், அவர் பிடித்துக்கொண்டு நடக்கிற உயரத்தில். அவருடைய மருமகள் வழிவரை வந்தார். அந்தக் கம்பியைப் பற்றிக் கேட்டேன்.

"டேங்கர் ஓட்டறவரு ஒருத்தரு, லாரிக்குப் பாடி கட்ற பட்டறையிலிருந்து ஆளக் கூட்டியாந்து வெச்சுக் குடுத்தாருங்க. அப்பப்ப வந்து பாத்துட்டுப் போவாரு. உங்களுக்குச் சொந்தமுங்களாமா?"

"ஆமாங்க" என்றேன். பஸ் ஸ்டாப்பில் வெகு நேரம் நின்றேன். நான் செய்ய வேண்டியதை எனக்கு முன்னால் அவர் செய்துவிட்டார் என்று அங்கேயும் வயிறு எரிந்தது. எரிகிறது என்று தெரிந்து வெட்கப்பட்டதும் அன்றுதான் முதல் முறை.

இப்போது ஒரு முட்டைக் குடோனில் மேற்பார்வை வேலை பார்க்கிறேன். குடிப்பதில்லை. லைசென்ஸுக்குத் திரும்ப எழுதிப் போடவில்லை. சகலையோடு பேசுகிறேன். நெருக்கமாக அல்ல. வந்தால் வாங்க, போனால் சரிங்க.

மகளுக்குப் பதினெட்டு முடிந்தது. இடது கை இன்றும் முழுதாக நீளாது. புருவத்துக்கு மேல் தழும்பு. கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றாள். நான் சரி என்றேன். சொல்லித்தருவது யார் என்று நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சித்தப்பாவோடு ஒரு மைதானத்துக்குப் போகிறாள். கியர் மாற்றியதை, கிளட்சை விட்டதை எல்லாம் அம்மாவிடம் சொல்வாள். பக்கத்து அறையில் நான் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன்.

போன மாதம் ஒரு நாள் நேராக என்னிடம் வந்தாள். இத்தனை வருடத்தில் அந்த நாளைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"அப்பா, அன்னைக்கு சித்தப்பா சரின்னு சொல்லியிருந்தா, அவருதான் ஓட்டுனாருன்னு நீங்க அப்படியே உட்டிருப்பீங்களா?"

ஒரு பொய் வாய்வரை வந்தது. அவள் நின்ற நிற்பைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

"உட்டிருப்பேன் சாமி."

"ஞாயித்துக்கெழமை நீங்களும் வாரீங்களா? பின்னால உக்காந்துக்கலாம்" என்றாள்.

போனேன். சகலை முன்னால் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், நான் பின்னால். கார் இரண்டு முறை நின்றுபோனது. ஒவ்வொரு முறையும் அவள் அவர் முகத்தைத்தான் பார்த்தாள். மூன்றாவது முறை கிளம்பியது.