கிடுகுக் குடிசை வாசலில் நஸீமா ராத்தா

"மாமி, உம்மா மவுத்தாகிட்டாங்க. பகல் ளுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்க எடுக்கிறம்."

நஸீமா ராத்தாவின் மகள் றிஸானாவின் அழைப்பு வந்தபோது கற்பிட்டியில் வேலைக்குப் புறப்பட்டு நின்றேன். கிடைத்த பஸ்ஸில் ஏறினேன். பாலாவி வரும்வரை எனக்கு அழுகை வரவில்லை. தில்லையடி வீட்டில் வெள்ளைக் கபன் துணி சுற்றி, முகத்தை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். "ராத்தா" என்று கூப்பிட்டேன். கூப்பிட்டுவிட்டு, பைத்தியக்காரி போலப் பதிலுக்குக் காத்திருந்தேன்.

உங்களில் பலருக்கு அவர் தில்லையடித் தையல்காரி. தொண்ணூறில் முஸ்லிம்களை ஊரைவிட்டு வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து கைக்குழந்தையோடு வந்திறங்கியவர். எனக்கு அவர் வளைகுடா நாடொன்றின் கேளிக்கைப் பூங்காவில் ஒரே அறையில் படுத்தெழும்பிய அக்கா. நான் கத்தோலிக்கப் பெண் என்பதால் ஞாயிறுகளில் என்னைப் பூசைக்கு எழுப்பிவிடுவதும் அவர்தான்.

அந்தப் பூங்காவில் நாட்டுக்கொரு தெரு. ஒல்லாந்துக்குக் காற்றாலை, ஜப்பானுக்குச் சிவப்பு வாசல். எங்கள் நாட்டுக்கு ஒரு கிடுகுக் குடிசை, பிளாஸ்டிக் தென்னை, கண்டி மேளக்காரர். வெள்ளைச் சுருக்குச் சட்டையும் கண்டிச் சேலையும் உடுத்து, குடிசை வாசலில் பூத்தட்டோடு சிரித்து நிற்பது என் வேலை. உடுப்புகளைத் தைப்பது ராத்தாவின் வேலை.

ஒருநாள் ஊசி நூலோடு குடிசைக்குப் பின்னால் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். பின்னால் வீடே இல்லை. பலகைக்கு முட்டுக்கொடுத்த கம்பிகள்தான். சண்டை முடிந்து மன்னாருக்குப் போய்ப் பார்த்த தன் வீட்டைப் பற்றி அன்றுதான் சொன்னார். "அங்க பின்சுவர் மட்டும் நிக்கிது தங்கச்சி. இதையும் அதையும் சேத்தா எனக்கு ஒரு வீடு வரும்."

வாசலில் நிற்க இன்னொரு பெண் தேவைப்பட்டபோது தான் நிற்பதாக ராத்தாவே கேட்டார். முக்காட்டை எடுத்தால் நிற்கலாம் என்றார் மேலாளர். ராத்தா மாட்டேன் என்றார். அதனால் அவரை அரபுச் சந்தைத் தெருவுக்கு அனுப்பினார்கள். தனக்குப் பேர்கூடத் தெரியாத ஒரு நாட்டின் மணிவைத்த அங்கியை உடுத்து, பித்தளைக் கெண்டியோடு நின்றார். எந்த நாடு என்று யாராவது கேட்டால் பேசாமல் புன்னகைக்க வேண்டுமாம்.

"அண்டைக்கு நீ இந்த ஊர் இல்ல எண்டாங்க. இப்ப நீ இந்த நாடும் இல்ல எண்டுறாங்க" என்றார். சாப்பாட்டைப் பிசைந்தபடி இருந்தார். உண்ணவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, சனம் நிறைந்த பின்னேரம், ராத்தா எங்கள் தெருவுக்கு வந்தார். ஊரில் கடைக்குப் போகும்போது உடுக்கும் பூப்போட்ட சேலை, அதே சேலைத் தலைப்பில் முக்காடு. குடிசைப் படியில் உட்கார்ந்து, வந்தவர்களிடம், "வாங்க, இலங்கைதான், வாங்க" என்றார். ஒரு குடும்பம் அவரோடு நின்று படமும் எடுத்தது.

மேலாளர் வந்தார். அவர் கெட்ட மனிதர் அல்ல. பார்த்தவுடனே எந்த நாடென்று ஆட்களுக்கு விளங்க வேண்டும், இவரைப் பார்த்தால் விளங்காது என்றார். நான்தான் மொழிபெயர்த்தேன்.

"தெரிஞ்ச முகத்தையே காட்டினா, தெரியாத முகம் எப்ப தெரிய வாறது? கேளு தங்கச்சி."

கேட்டேன். அடுத்த கிழமை ராத்தாவை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

பிறகு நானும் வந்துவிட்டேன். கற்பிட்டிக் கரையில் நான் வேலை செய்யும் விடுதி, வெள்ளைக்காரருக்காக ஒரு 'கலாசாரக் கிராமம்' கட்டியது. கண்டித் தூண்கள், நெற்றிச்சுட்டி கட்டிய பொம்மைகள். அவற்றுக்கு உடுப்புத் தைக்க ராத்தாவை அழைத்துப்போனேன். எல்லாவற்றையும் தைத்து முடித்து, கேளாமலே ஒன்று கூடுதலாகத் தைத்திருந்தார்: முக்காட்டோடு சேலை கட்டிய ஒரு துணிப்பொம்மை. "இந்தக் கரையில நாங்களும் இருக்கம்தானே, மகன்" என்று முகாமையாளரிடம் கொடுத்தார். ஓம் உம்மா, கட்டாயம் வைப்போம் என்று அந்தப் பிள்ளை வாங்கிக்கொண்டது.

போன மாதம் ஆஸ்பத்திரியில் பார்த்தேன். மூச்சுவிடவே பாடுபட்டார். "வச்சாங்களா?" என்றார்.

"இல்ல ராத்தா. இன்னும் பெட்டிக்குள்ளதான் கிடக்கு."

கோபப்படுவார் என்று நினைத்தேன். என் கையை விட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். உயிரோடு அவரைக் கடைசியாகப் பார்ப்பது அதுதான் என்று அன்று தெரியாது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒரு சொல். பூங்காவில் சேர்ந்த முதல் நாள் சொன்னது. "எங்க போனாலும் ஒரு கதிரையப் பாத்து, அதுல குந்தி இருந்திரு தங்கச்சி. நிக்கிற ஆளத்தான் போகச் சொல்லுவாங்க."

குடிசைப் படியில் இருந்தவரையும் போகச் சொன்னார்கள் என்பது எனக்குத் தெரியும், ராத்தா. இருந்தாலும் நான் இருக்கிறேன்.