சஹனில் ஆறாவது ஆள்

என் மச்சான் இத்ரூஸ் அலுவிகாரையில் பஞ்சு மெத்தை தைத்தவர். என் மூத்த சகோதரி ஸக்கியாவைக் கட்டியவர். தங்கமான மனுஷன்தான், ஆனால் மனதில் உள்ளதை இலேசில் சொல்லமாட்டார். அந்தக் குணத்தால் என்னை மூன்று வருஷம் முட்டாளாக்கி வைத்திருந்தார். நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வரும்.

எங்கள் விருந்துகளில் சஹன் என்கிற பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து, அதிலேயே கைபோட்டுச் சாப்பிடுவோம். கடைசி ஆள் முடிக்கும்வரை மற்றவர்கள் எழும்புவதில்லை. சோறு வைத்த பிறகு ஒருவன் எழுந்து போனால், அந்த வட்டத்தில் யாரோடோ அவனுக்கு மனக்கசப்பு என்று அர்த்தம். மச்சானும் நானும் எப்போதும் ஒரே சஹன். இறைச்சியில் நல்ல துண்டாகப் பிய்த்து என் பக்கம் தள்ளிவிடுவார்.

1961இல் என் மகனுடைய சுன்னத்து விருந்து. சஹனை வைத்ததும் மச்சான் எழுந்தார், செருப்பை மாட்டினார், போய்விட்டார். சபையே என்னைப் பார்த்தது. இரண்டு நாளுக்கு முன்புதான் அவர் தைத்த மெத்தையைப் பற்றி, "இதுல படுக்கிறதும் கல்லுல படுக்கிறதும் ஒண்ணுதான்" என்று நாலு பேர் முன்னால் கேலி செய்திருந்தேன். அதற்கா இவ்வளவு ரோஷம்? எனக்கு மட்டும் ரோஷம் இல்லையா? அன்றோடு அவர் வீட்டு வாசலை மிதிப்பதை விட்டேன். மற்றவர்களுடைய விருந்துகளுக்கும் அவர் வரவில்லை. நான் இருப்பேன் என்றுதான் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் வருஷம் ஸக்கியா என் வீட்டுக்கு வந்து அழுதாள்.

"வீட்லயும் தனியாத்தான் சாப்பிடுறார், தம்பி. செவரப் பார்த்துக்கிட்டு. இப்ப வெறும் கஞ்சிதான். ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டார். அதனால நான் ஒண்ணும் சொல்லல்ல. நீ போய் அவர் மொகத்துல கட்டியிருக்கிற லேஞ்சிய அவுத்துப் பாரு."

பஞ்சுத் தூசி ஏறாமல் மூக்கையும் வாயையும் லேஞ்சித் துணியால் கட்டிக்கொள்வது அவர் தொழிலில் வழக்கம். அதனால் ஊரில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நான் நேரே அவருடைய பட்டறைக்குப் போய் அந்த லேஞ்சியை இழுத்தேன். வெற்றிலை அடக்கும் பக்கம், கீழுதட்டு ஓரத்திலிருந்து கன்னத்தின் உள்ளே வரை, எலுமிச்சை அளவுக்குச் சொரசொரவென்று சதை வளர்ந்திருந்தது.

"அஞ்சு பேர் கைபோடுற சஹன்ல நான் எப்படிக் கைய வைக்கிறது, பலீல்? அதுவும் ஒன் மகன் விருந்துல. அப்ப சின்னக் கட்டிதான், ஆனாலும் பார்த்தா எல்லாரும் அருவருப்புப்படுவாங்க."

"அப்ப மெத்தையச் சொன்னதுக்குக் கோபமில்லையா?"

"எந்த மெத்தை?" என்றார்.

எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அறுத்தால் வாய் கோணிவிடும், கெட்ட நோயென்றால் அறுக்கிற மேசையிலேயே உயிர் போய்விடும் என்று பயந்தார். "இப்படியே வச்சிருந்தா மட்டும் நல்லாயிருமா?" என்று சத்தம் போட்டு, மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் பார்த்துவிட்டு, இவ்வளவு நாள் எங்கே இருந்தீர்கள் என்று சிங்களத்தில் ஏசினார். நியாயமான ஏச்சு. பாதி எனக்குரியது என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

அடுத்த கிழமை மயக்க மருந்து கொடுத்து, சதை முழுவதையும் அறுத்தெடுத்தார்கள். வெறுமையான இடத்துக்குத் தொடையிலிருந்து தோலெடுத்து வைத்துத் தைத்தார்கள். இரண்டு கிழமை மூக்கு வைத்த கோப்பையில் கஞ்சி. தையலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்ல தையல்காரன்" என்று ஒரு கடதாசியில் எழுதிக் காட்டினார் மச்சான். அறுத்த சதையைச் சோதித்ததில் புற்றுநோய் இல்லை என்று வந்தது. அன்று வார்டிலேயே நான் அவரைக் கட்டிப்பிடித்தேன். வெற்றிலையை மட்டும் இனித் தொடக்கூடாது என்றார் டாக்டர். அவர் தொடவில்லை.

நாலு மாதம் கழித்து எங்கள் ஊர் ஸக்கரியா ஹாஜியார் மகளின் கலியாணம். மச்சான் வாசலில் லேஞ்சியைக் கையில் கசக்கிக்கொண்டு நின்றார்.

"இந்த சஹனுக்கு ஒராள் கொறையுது, மச்சான். வாங்க," என்றேன், எல்லோருக்கும் கேட்க.

வந்து உட்கார்ந்தார். வாய் இரண்டு விரல் அளவுதான் திறந்தது. கொஞ்சம் கொஞ்சமாகச் சோற்றை எடுத்து மென்றார். நாங்கள் ஐந்து பேரும் முடித்துவிட்டோம். மற்ற சஹன்களில் எல்லோரும் எழும்பிவிட்டார்கள். கை கழுவத் தண்ணீர் கொண்டுவந்தவனை, "அங்கிட்டுப் போ, இது இன்னும் முடியல்ல" என்று விரட்டினேன். எங்கள் விரல்களில் சோறு காய்ந்துபோயிற்று. ஒருவரும் அசையவில்லை.

மச்சான் நடுவில் கிடந்த இறைச்சியை எடுத்தார். அவரால் அதை மெல்ல முடியாது. நல்ல துண்டாகப் பிய்த்து என் பக்கம் தள்ளினார். என் வயிறு நிறைந்திருந்தது. இருந்தும் சாப்பிட்டேன்.