பூண்டுக் கட்டுக்குள் பிச்சுவா

மாமாவின் கல்யாணத்துக்கு முந்தின நாள் முழுவதும் எனக்குப் பயமாகவே இருந்தது. காரணம், அப்பா அடுப்படியில் அம்மாவிடம் சொன்னது.

“பொண்ணு வீட்டுக்குப் போறப்ப பிச்சுவா இல்லாமப் போகக் கூடாது. மஞ்சப்பையில வச்சுரு.”

பிச்சுவா என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் பயப்படுவதற்கு விவரம் தேவையில்லை என்பது எட்டு வயதிலிருந்தே என் அனுபவம். சீனி வாங்கப் போன இடத்தில் கடைக்காரப் பாயிடம் கேட்டேன்.

“கத்திம்மா. வடக்கேருந்து வந்த சிப்பாய்க பேச்சு. அவுக பாசையில பிச்சுன்னா தேளு. தேள் கொடுக்காட்டம் வளைஞ்சிருக்கும்ல, அதான் அந்தப் பேரு.” சீனியை நிறுத்துக்கொண்டே சொன்னவர் அதோடு விட்டிருக்கலாம். “இடுப்புல சொருகியிருந்தா வெளிய தெரியாது. கொட்டுன பெறகுதான் தெரியும்.”

ஆக, பெண் வீட்டார் ஊரான பெரும்பாறையில் வெட்டுக்குத்து. கோழி அறுத்தாலே கண்ணை மூடிக்கொள்கிற மாமா, தாலி கட்டின கையோடு ஜெயிலுக்குப் போகப்போகிறார்.

அம்மா துண்டில் சுற்றி வைத்திருந்த பிச்சுவாவை எடுத்து, அடுப்புக்கு மேலே புகையில் தொங்கிய பூண்டுக் கட்டுக்குள் சொருகினேன். கனம் குறைந்தால் கண்டுபிடித்துவிடுவார்களே என்று துண்டுக்குள் பருப்பு மத்தை வைத்துச் சுற்றினேன்.

மறுநாள் பெரும்பாறையில் மாமாவுக்குக் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டின மாப்பிள்ளை, கண்ணேறு படாமலிருக்க, நுனியில் எலுமிச்சம்பழம் குத்திய கத்தியைப் பிடித்திருக்க வேண்டுமாம். அதை அப்போதுதான் அறிந்தேன். அப்பா எல்லோர் முன்னாலும் துண்டைப் பிரித்தார். மத்து உருண்டது.

“மாப்ள தாலி கட்ட வந்தாரா, பருப்புக் கடைய வந்தாரா?” என்றார் பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர்.

அம்மா நேராக என்னைத்தான் பார்த்தாள். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

“ஏத்தா, எலுமிச்சம்பழத்தக் குத்துறதுக்கெல்லாம் போலீசு வராது” என்றார் மாமா.

நல்ல நேரம் முடியப்போகிறது என்று அப்பா கைகளைப் பிசைந்தார். பெண்ணின் அப்பா, காப்பிச் செடியின் கிளைகளைக் கவாத்து வெட்டுகிற கத்தியை வெரசாகக் கழுவிக் கொண்டுவந்து மாமா கையில் கொடுத்தார். அதைப் பிடித்தபடிதான் மாமா மணமேடை ஏறினார்.

தாலி கட்டி முடிந்ததும் புது அத்தையைப் பார்த்தேன். குனிந்த தலை நிமிரவில்லை; தோள் மட்டும் குலுங்கியது. எங்கள் வீட்டுக்கு வரப் பயந்து அழுகிறாள் என்று நினைத்து, பக்கத்தில் போய்க் காதில் சொன்னேன்.

“பயப்படாதீங்க அத்தை. எங்க கத்தி பூண்டுக்குள்ளதான் கெடக்கு.”

குலுங்கல் இன்னும் அதிகமாயிற்று. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அது சிரிப்பு என்று எனக்குப் புரியவில்லை. இவளையும் பயமுறுத்திவிட்டோமே என்று, வீடு வந்து சேரும்வரை எனக்கு அந்தக் கவலை.