கிழியாமல் ஒரு பிரசவம்

முதல் குழந்தை பிறந்து அரை வருஷம் வரை என்னால் சம்மணம் போட்டு உட்கார முடியவில்லை. வீட்டை ஒட்டியிருந்த எங்கள் பனியன் கம்பெனியில், தைத்ததில் குறை பார்க்கும் செக்கிங் மேசைக்கு முன்னால் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே உட்கார்ந்திருப்பேன். அதுகூடப் பரவாயில்லை. அவசரமாக எழுந்தால் மலத்தை அடக்க முடியாமல் துணியில் பட்டுவிடும். கழிப்பறை எங்கே என்று விசாரித்துக்கொண்டுதான் எந்தக் கல்யாண வீட்டுக்குள்ளும் நுழைவேன். அம்மாவிடம் மட்டும் சொன்னேன். "பொம்பளைக்கு இதெல்லாம் இருக்கறதுதான் கண்ணு. வெளிய சொல்லிட்டுத் திரியாத" என்றார்.

அந்தப் பிரசவத்தில் ஆஸ்பத்திரியில் சொன்னதையெல்லாம் செய்தேன் என்பதுதான் என் ஆற்றாமை. மல்லாக்கப் படு என்றார்கள், படுத்தேன். மூச்சைப் பிடித்து முக்கு என்றார்கள், கண்ணில் ரத்தம் கட்டும்வரை முக்கினேன். ஆஸ்பத்திரி ஆயா என் வயிற்றில் கையை ஊன்றி அமுக்கியபோது பல்லைக் கடித்துக்கொண்டேன். குழந்தை வரும் வழியை அகலமாக்க டாக்டர் வெட்டினார். வெட்டு அங்கேயே நிற்காமல் ஆசனவாய் வரை கிழிந்தது. "கொழந்தைக்குத் தலை பெருசு" என்று முடித்துவிட்டார்கள்.

இரண்டாவது உண்டானபோது எனக்கிருந்த ஒரே பயம், மறுபடி கிழியக் கூடாது. கோயம்புத்தூரிலிருந்து கணவர் வாங்கி வந்த பிரசவப் புத்தகத்தில், தலை வெளியே வரும் நேரத்தில் முக்காமல் வாயால் மூச்சு விட வேண்டும், சூடான ஈரத்துணியால் அந்த இடத்தில் ஒத்தடம் கொடுத்துத் தாங்கிப் பிடிக்க வேண்டும், ஒருக்களித்துப் படுப்பது நல்லது என்றெல்லாம் இருந்தது. செக்கப்புக்குப் போனபோது டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"அவசியம்னா மட்டும் வெட்டறீங்களா? மெதுவா வரவிட்டா அவ்வளவா கிழியாதுன்னு படிச்சேனுங்க."

"அந்தப் புஸ்தகத்தை எனக்கும் குடுங்க. நான்தான் இத்தனை வருஷம் வீணாப் படிச்சுட்டேன்."

நர்ஸ் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். பஸ் ஏறிய பிறகு, அழுத்திக் கேட்டிருக்க வேண்டுமோ, கேட்டதே தப்போ என்று வீடு வரைக்கும் என்னையே நச்சரித்துக்கொண்டு வந்தேன்.

ஒத்தடத்துக்கென்று மெல்லிய பனியன் துணியை வெந்நீரில் கொதிக்க வைத்து, காயப்போட்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போயிருந்தேன். வலி வந்த அன்று, ஆயா அதை எடுத்துத் தரையில் கொட்டியிருந்த தண்ணீரைத் துடைத்தார். "நல்லா உறிஞ்சுது கண்ணு. உங்க கம்பெனித் துணியா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. தலை தெரிகிறது என்றார் நர்ஸ். ஆயா வயிற்றை நோக்கிக் கையைக் கொண்டுவந்தார். "முக்கு சாமி, முக்கு!"

"மாட்டேனுங்க."

"என்னது?"

"இப்ப முக்க மாட்டேனுங்க. வயித்துல கை வைக்காதீங்க."

கதவோரமிருந்து அம்மா, "சொல்றதக் கேளு கண்ணு!" என்று கத்தினார். நான் ஒருக்களித்துத் திரும்பி, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நாய் இரைப்பதுபோல வாயால் மூச்சு விட்டேன். "படிச்ச பொண்ணுகளோட இதே ரோதனை" என்று திட்டிக்கொண்டே நர்ஸ் உள்ளங்கையால் கீழே தாங்கிப் பிடித்தார். டாக்டரம்மா கையுறை மாட்டி வருவதற்குள் மகள் பிறந்துவிட்டாள். எனக்குச் சிராய்ப்புதான். தையல் வேண்டியிருக்கவில்லை.

"ரெண்டாவது சுலபமா வந்துரும். கொழந்தையும் சின்னது" என்றார் டாக்டரம்மா.

தராசில் மூத்தவனைவிட இவள் எடை கூடுதல். சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் கையை அழுத்தினார். கிழியாதது நான் மறுத்ததாலா, இரண்டாவது என்பதாலா, எனக்கும் இன்றுவரை நிச்சயமில்லை. யாரும் அதைக் கேள்வியாகக்கூட எடுத்துக்கொள்ளவில்லை என்பதில்தான் எரிச்சல்.

பேர் வைத்த அன்று பந்தியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பக்கத்து இலையில் கொழுந்தனார் மனைவி, நிறைமாதம், முதல் பிரசவம். குனிந்து அவள் காதில், வயிற்றை அமுக்க விடாதே, தலை வரும்போது முக்காதே என்றேன்.

"டாக்டருக்குத் தெரியாதாங்க்கா?" என்று கேட்டுவிட்டு அப்பளத்தை நொறுக்கினாள்.